செட்காரர் கட்டிய நாய்வீடு

எங்கள் தெருவில் அவருக்குச் செட்காரர் என்று பெயர். ஒரு நாடகக் குழுவுக்கு மேடை அமைப்பது அவர் தொழில். கோட்டை, அரண்மனை, நீதிமன்றம், கப்பலின் மேல்தளம், ஒருமுறை எரிமலை என்று எல்லாவற்றையும் மரச்சட்டத்திலும் ஒட்டுப்பலகையிலும் துணியிலும் எழுப்பியிருக்கிறார். அவர் கட்டிய எந்த வீட்டுக்கும் கூரை இருந்ததில்லை, நாலாவது சுவரும் இருந்ததில்லை. ஆனாலும் ஊரில் நிஜமாக வீடு கட்டுகிற யாரையும் அவர் நிம்மதியாக இருக்க விட்டதில்லை. "இந்த மூலை சரியில்லையே" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். எரிச்சலே அதுதான்.

அவருடைய சொந்த வீட்டில் குளியலறைக் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் மூட முடியும். சமையலறை அலமாரியின் ஒரு கதவு கல்யாணமான புதிதில் கழன்றது. இன்னும் சுவரில் சாய்ந்தபடி கழன்றே இருக்கிறது. ஒரே காலையில் அரண்மனை எழுப்புகிற கை வீட்டுக்குள் வந்ததும் ரிமோட்டைத் தவிர வேறு எதையும் தொடாது. அவர் மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவர். வண்டியில் பிரேக் உண்டு, பேச்சில் கிடையாது. "ஊருக்கெல்லாம் மாளிகை கட்டறாரு, எனக்கு ஒரு தாழ்ப்பாள் கட்டினா கையில கொப்புளம் வந்துடும்" என்று விருந்தாளிகளிடம் அறிமுகப்படுத்துவார்.

இவர்களுக்கு இரண்டு நாய்கள். பெரியதன் பெயர் இடைவேளை. ஓர் ஒத்திகையின் இடைவேளையில் தெருவிலிருந்து நேராக மேடைக்கு வந்து, சிம்மாசனத்தில் ஏறிப் படுத்துக்கொண்ட பெண் நாய். ராஜா வேஷக்காரர் எவ்வளவோ கெஞ்சியும் இறங்கவில்லை. கடைசியில் சிம்மாசனத்தோடு செட்காரர் வீட்டுக்கு வந்தது. சிம்மாசனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், நாயைக் கொடுக்கவில்லை. சின்னதன் பெயர் குண்டூசி. மழைக்கு வேனுக்கடியில் ஒதுங்கியதை மனைவி எடுத்து வந்தது. ஒன்று தாண்டும், ஒன்று தோண்டும். மதில் என்று ஒன்று நடுவில் இருந்ததே, அதற்குத்தான் அந்த வீட்டில் வேலையில்லை.

தொல்லை அங்கிருந்துதான் தொடங்கியது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போன ஒரு பகலில் இடைவேளை பின்கட்டுக் கதவைத் திறந்து, கேட்டைத் தாண்டி, தெருவில் வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு டெய்லரக்காவைப் பார்த்துவிட்டது. அவர் கை நிறையப் பள்ளிச் சீருடைகளை அடுக்கி எடுத்து வந்துகொண்டிருந்தார். நாய் ஓடிவந்து இரண்டு முன்னங்கால்களையும் அவர் தோளில் போட்டது. கடி இல்லை, குரைப்புகூட இல்லை. வெறும் பாசம். டெய்லரக்கா சீருடைகளோடு மல்லாந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

செட்காரரும் மனைவியும் பழப்பையோடு பார்க்கப் போனார்கள். டெய்லரக்கா தனியாக இருப்பவர், வயதில் இவர்களுக்கு மூத்தவர். மாவுக்கட்டுப் போட்ட கையை மெஷின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கடிச்சிருந்தாக்கூடக் கொஞ்சம் மரியாதையா இருந்திருக்கும். நாய் கட்டிப்பிடிச்சு கை ஒடஞ்சிதுன்னு சொன்னா ஆஸ்பத்திரியில டாக்டரே சிரிக்கிறாரு."

"மன்னிச்சிடுங்க அக்கா" என்றார் செட்காரர்.

"மன்னிக்கறதெல்லாம் அப்பவே மன்னிச்சாச்சு. விஷயம் அதில்ல. எனக்கு இருக்கறது இந்த ஒரு கை. இடது கையால நான் சோறுகூட ஒழுங்கா சாப்பிட மாட்டேன். இன்னொரு தடவ ரெண்டுல எது கேட்டத் தாண்டினாலும் நான் நகராட்சிக்குச் சொல்லிடுவேன். அவங்க வண்டி வந்து ஏத்திட்டுப் போகும். அப்ப வந்து அக்கா அக்கான்னு நிக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அங்கே தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தால் போதும். ஆனால் வாழ்நாளெல்லாம் பெரிய வசனங்களுக்கு நடுவே சுத்தியலோடு நின்றவர் செட்காரர். எழுந்து நின்று சொன்னார்: "நீங்க சொல்லவே வேணாம் அக்கா. இன்னொரு தடவ தாண்டினா நானே என் கையால கொண்டுபோய் விட்டுடறேன்."

வீட்டுப்படியில் மனைவி திரும்பி நின்றார். அது நல்ல அறிகுறி அல்ல.

"யாரக் கேட்டு வாக்குக் குடுத்தீங்க?"

"அந்த நேரத்துல வந்துடுச்சு."

"நாய் ரெண்டு பேரோடது, வாக்கு மட்டும் உங்களோடதா? அது தாண்டட்டும், அப்புறம் யாரு எங்க போறாங்கன்னு பார்க்கலாம்."

இரண்டு நாட்களாக அவர் இரண்டு நாய்களின் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை என்று மனைவி பிறகு சொன்னார். தலைக்கு மேல் தொங்குவது தன் வாக்கு என்று அவருக்குத் தெரியும், நாய்களுக்குத் தெரியாது. பின்பக்கத்துக் காலி இடத்தில் நாய்களுக்குக் கூண்டு கட்டுவதென்று முடிவாயிற்று. அதுவரை இடைவேளை அவரோடு நாடகக் கொட்டகைக்குப் போகும், குண்டூசி வேனின் முன்சீட்டில் போகும். அந்த நாட்களில் எந்தக் குழந்தையும் பள்ளிக்கு மட்டம் போடவில்லை.

கூண்டு ஒரு விடுமுறையில் எழுந்தது. எழுந்த வேகத்தைப் பார்க்கத் தெருவே வந்தது. கொட்டகைக் கிடங்கில் கிடந்த தட்டிகளை, அதாவது சட்டம் அடித்த பலகைச் சுவர்களை, நிறுத்தி இணைத்தார். வெளிப்பக்கம் முழுக்கக் கருங்கல் மாதிரி வண்ணம் அடித்தார். கல்லுக்குக் கல் நிழல், இடுக்கில் பாசி, மூலையில் ஒரு கொடி. தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது மரம் என்று தெரிந்தது, அவர்களிலும் சிலர் மறுபடி தொட்டார்கள்.

"உள்ள ராஜா இருக்காரா?" என்றார் காய்கறி வண்டிக்காரர்.

"ராணி" என்றார் செட்காரர். "இப்பத்தான் தூங்கறாங்க."

அவருக்கு உண்மையான பெருமை கல்லில் இல்லை, கீலில் இருந்தது. மேடைச் சுவர்களைக் கோக்கும் கீல்களில் நிரந்தர ஆணி கிடையாது. நடுவில் தலைவளைந்த ஓர் ஆணியைச் செருகியிருப்பார்கள். அதை உருவினால் சுவர் பிரிந்துவிடும். ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி வருவதற்குள் காடு நீதிமன்றமாக வேண்டும் என்றால் வேறு வழியில்லை. அந்த வாரம் முழுக்க, வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் அவர் அதைச் செய்து காட்டினார். விரலை வளைவில் மாட்டி ஆணியை இழுப்பார். சுவர் சாயும், பிடிப்பார், மறுபடி நிறுத்துவார். "டீ ஆறதுக்குள்ள மொத்தத்தையும் கழட்டிடலாம்."

"சரி, இத எதுக்குங்க கழட்டணும்?" என்றார் மனைவி.

செட்காரர் உருவிய ஆணியை மறுபடி செருகினார். அவர் தொழிலில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கட்டுவதற்கு முன்பே கழற்றுவதை யோசிக்காதவனை அங்கே சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். இடைவேளை முன்னங்கால்களின்மேல் தலையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செய்து காட்டலையும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அதை அதன் பாசம் என்று நினைத்தார்கள்.

செட்காரர் அவசரக்காரர்தான், ஆனால் அசட்டையான ஆள் இல்லை. நாய்களைத் தனியே விட்டுப் போவதற்கு முன்னால் ஒரு பகல் முழுக்க வீட்டில் இருந்து பார்ப்பது என்று தீர்மானித்தார். அதுதான் காப்பாற்றியது. மதியம் அவர் ஜன்னல் வழியே பார்த்தபோது இடைவேளை மேல் ஆணியின் வளைவை முன்பற்களில் கவ்வி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தது. ஆணி வந்தது. அதைத் தரையில் வைத்தது. கீழ் ஆணிக்குப் போனது. கருங்கற்சுவர் மெதுவாக, மிகுந்த கண்ணியத்தோடு வெளிப்பக்கம் விழுந்தது. அதன்மேல் நடந்து இடைவேளை வெளியே வந்தது. குண்டூசிக்கு இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பின்சுவருக்கு அடியில் தோண்டி அது எப்போதோ முற்றத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

இடைவேளை கேட்டை நோக்கி ஓடியது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த வேன்காரம்மா அதற்கு முன்பே அங்கே இருந்தார். குறுக்கே வருவதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். இரண்டு கைகளையும் விரித்து நின்று, பாய்ந்த நாயை நெஞ்சோடு வாங்கி, அதோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டார். நாயின் மூக்கு கேட்டுக் கம்பிக்குள்ளேதான் இருந்தது. மூச்சு மட்டும் தெருவில் இருந்தது.

பக்கத்து வீட்டு ஜன்னலில் டெய்லரக்காவின் முகம்.

"தாண்டல" என்றார். "நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். கேட்டுக்குள்ள நடந்தது உங்க வீட்டு விஷயம், எனக்குச் சம்பந்தமில்ல." கொஞ்சம் பொறுத்து, "ஆனா தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்த ஆணிய எப்படி உருவறதுன்னு வாரம் பூரா நீதான அதுக்கு உக்காரவச்சுக் கத்துக்குடுத்த?"

கை ஒடிந்து வேலையில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வேறொருவராயிருந்தால் நாயைத் திட்டியிருப்பார், அல்லது பெரிய பூட்டாக ஒன்றை வாங்கி மாட்டியிருப்பார். செட்காரர் விழுந்த சுவருக்குப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து மிச்சமிருந்த கூண்டுக்குள் போய், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, நாயைப் போல நடந்து பார்த்தார்.

"என்ன, நடிக்கவும் இறங்கியாச்சா?" என்றார் மனைவி.

"இங்க வந்து பாரேன். நின்னு பார்த்தா சுவர் தெரியுது. இப்படிப் பார்த்தா சுவரே தெரியல, அடியில இருக்கற வெளிச்சம்தான் தெரியுது. நாம கட்டினது பார்க்கறவங்களுக்கு. உள்ள இருக்கறவளப் பத்தி நான் யோசிக்கவே இல்ல."

வேன்காரம்மா தன் தம்பிக்குப் போன் போட்டார். தம்பி வெல்டர். அவனும் செட்காரரும் பேசிக்கொள்வதில்லை. அவன் புது வீடு கட்டிக் குடிபோன அன்று, எல்லோரும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது, இவர் அந்த மூலை சரியில்லை என்று சொல்லியிருந்தார். இப்போது இவரே பேச வேண்டியிருந்தது. போனைக் கையில் திணித்துவிட்டு மனைவி நகர்ந்துவிட்டார்.

"மச்சான், ஒரு உதவி வேணும்."

"சொல்லுங்க மாமா. எந்த மூலை சரியில்ல?"

"எல்லா மூலையும்."

வந்தான். அன்றே அளவெடுத்தான். கட்டட வேலையில் மாமனைக் கிண்டல் செய்ய இப்படியொரு வாய்ப்பு இனி வராது என்று தெரிந்து ஒன்றையும் வீணாக்கவில்லை. ஆனால் வேலையில் இருவரும் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லை. இரும்புக் குழாய்த் தூண்கள், கனமான கம்பி வலை. வலையின் கண் நாயின் பாதமோ தாடையோ மாட்டாத அளவு சின்னது. மேலேயும் வலை, அதில் பாதிக்கு வெயிலுக்கும் மழைக்கும் தகரக் கூரை. பாதித் தரை கழுவி விட்டால் தண்ணீர் ஓடும்படி சரிவான சிமென்ட், அதன்மேல் தரையிலிருந்து உயர்த்திய மரப்படுக்கை.

மீதித் தரையில் செட்காரர் மண்ணை அப்படியே விடச் சொன்னார்.

"மாமா, அந்தச் சின்னது தோண்டுமே."

"தோண்டணும் மச்சான். அதுக்கு இருக்கறது அந்த ஒரு சந்தோஷம். தோண்டட்டும், ஆனா தோண்டி எங்கயும் போய்ச் சேரக் கூடாது." அதற்காக முழங்கை ஆழத்தில் மண்ணுக்கு அடியிலும் வலையைப் படுக்கவைத்து, தூண்களின் அடியோடு பற்றவைத்தார்கள்.

தம்பி ஒரு குறுக்குக் கம்பியை உட்பக்கம் வைத்தபோது செட்காரர் அதன் முன்னால் மண்டியிட்டுப் பார்த்தார். "இது அதுக்கு ஏணி" என்றார். கம்பி வெளிப்பக்கம் போனது. வாசலில் அவர் கேட்டது ஒரு கதவு இல்லை, இரண்டு. நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம்.

"நாய்க்கு எதுக்கு மாமா வராந்தா?"

"எங்க கொட்டகையில வாசலுக்கு ரெண்டு திரை இருக்கும். ஒண்ண மூடிட்டுத்தான் அடுத்தத விலக்கணும், இல்லன்னா தெரு வெளிச்சம் நேரா மேடைக்கு வந்துடும். அதே கணக்கு. சாப்பாடு வைக்க நான் உள்ள போகும்போது அது என் காலுக்குள்ள பூந்து வெளிய வந்துடக் கூடாது." வெல்டர் அதற்குக் கிண்டல் எதுவும் சொல்லவில்லை. மச்சானின் அகராதியில் அது பாராட்டு.

கஷ்டம் கலவை ஊற்றுகிற அன்று வந்தது. குழியில் தூண்கள் நிற்கின்றன, ரசமட்டம் நேராக இருக்கிறது, சிமென்ட்டும் ஜல்லியும் கலந்து தயார். செட்காரர் தள்ளுவண்டியின் பிடியைப் பிடித்தவர் நின்றுவிட்டார். தூணைப் பார்த்தார், மறுபடி ரசமட்டத்தைப் பார்த்தார்.

"என்ன மாமா?"

"ஊத்திட்டா அப்புறம் எடுக்க முடியாதே."

"அதுக்குத்தான மாமா ஊத்தறோம்."

"தெரியுது. ஆனா நான் இதுவரைக்கும் எடுக்க முடியாத மாதிரி ஒண்ணும் பண்ணினதில்ல."

கலவை இறுகத் தொடங்கிவிடும் என்று தம்பி தவித்தான். வேன்காரம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செட்காரர் வண்டியைத் தானே தூக்கிக் கவிழ்த்தார். பிறகு ஒரு தூணையும் தம்பியிடம் விடவில்லை. எல்லாக் குழியும் அவர் கையால் நிரம்பியது. ஒவ்வொன்றையும் குச்சியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினார். துருப்பிடிக்காமல் இருக்கச் சாம்பல் நிறப் பூச்சு அடித்ததோடு சரி. கல்லும் கொடியும் வரையவில்லை. தெருவில் போகிறவர்கள் யாரும் இப்போது நின்று பார்க்கவில்லை. காய்கறி வண்டிக்காரர் மட்டும் கருங்கல் எங்கே என்று விசாரித்தார்.

கூண்டு முடிந்ததும் டெய்லரக்காவின் மாவுக்கட்டைப் பிரித்ததும் ஏறக்குறைய ஒன்றாக நடந்தன. நாய்களைத் தனியே விட்டுவிட்டு இருவரும் வேலைக்குப் போகலாமா என்று செட்காரர் யோசித்துக்கொண்டிருந்த காலையில், அக்கா மெலிந்துபோன கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து நின்றார்.

"நான்தான் பரிட்சை வைப்பேன்" என்றார். "இந்தப் பெரியவ எதுக்காக வெளிய வரான்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என்கிட்ட வரத்தான் வரா. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம் ஜன்னல் வழியா நான்தான் பிஸ்கட் போட்டுப் பழக்கினேன்."

வேன்காரம்மா இடுப்பில் கையை வைத்தார். "அடேங்கப்பா. அப்ப கைய ஒடச்சிக்கிட்டது நீங்களே பண்ணினதா?"

"பாதி" என்றார் டெய்லரக்கா, கூசாமல். "அதனாலதான் மன்னிச்சேன்னு சொன்னேன். இப்ப நான் கூப்பிட்டும் அவ வராம இருந்தாத்தான் அது கூண்டு. வந்துட்டா, வாக்கு வாக்குதான்."

சொல்லிவிட்டுக் கேட்டை விரியத் திறந்து வைத்தார்.

"அக்கா, கேட்ட எதுக்குத் தொறக்கறீங்க?"

"மூடி வச்சா அது கேட்டுக்கு வைக்கிற பரிட்சை."

மனைவி கணவனைப் பார்த்தார். முடியாது என்று சொல்ல செட்காரருக்கு எல்லா உரிமையும் இருந்தது. திறந்த கேட்டுக்கும் இரண்டு நாய்களுக்கும் நடுவே அவர் கை வேலை மட்டும்தான். "திறந்தே இருக்கட்டும்" என்றார்.

அக்கா தெருவில் போய் நின்று டின்னைக் குலுக்கினார். "வாடி என் கண்ணு, வா!"

இடைவேளை வலையில் மோதியது. ஏறப் பார்த்தது, பிடிக்கக் கம்பியில்லாமல் சறுக்கியது. கூரை வலையை எம்பித் தொட்டு விழுந்தது. கதவடிக்கு வந்து, தாழ்ப்பாளின் வாசனையை உள்ளிருந்தே கண்டுபிடித்து, அந்த இடத்தில் வலையைக் கவ்வி இழுத்தது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம், பல்லுக்கு எட்டாத இடத்தில் கொக்கியோடு இருந்தது. குண்டூசி ஒரு மூலையில் மண் பறக்கத் தோண்டி, வலையைத் தொட்டு, முகர்ந்து, அடுத்த மூலைக்குப் போய் அதே உற்சாகத்தோடு ஆரம்பித்தது. டின் குலுங்கிக்கொண்டே இருந்தது. செட்காரர் நாயைப் பார்க்கவில்லை, ஒரு தூணின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றார். வேன்காரம்மாவின் கை அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கசக்கிப் பிடித்திருந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு தூணும் அசையவில்லை.

கடைசியில் இடைவேளை மரப்படுக்கையில் ஏறி, தெருவுக்கு முதுகைக் காட்டிப் படுத்தது. குண்டூசி தான் தோண்டிய பள்ளத்திலேயே சுருண்டுகொண்டது.

டெய்லரக்கா குலுக்குவதை நிறுத்தினார். திரும்பி வந்து கேட்டைச் சாத்தினார்.

"சரி."

"சரின்னா, அக்கா?"

"சரின்னா சரி. நிம்மதியா வேலைக்குப் போ தம்பி. ரெண்டும் இங்கதான் இருக்கும்."

செட்காரர் தலையை ஆட்டினார். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. சட்டையை மனைவியின் கையிலிருந்து மெதுவாக விடுவித்துக்கொண்டு, உள்ளே போய் ஒரு முக்காலியை எடுத்து வந்தார். டெய்லரக்கா டின்னோடு கூண்டை நோக்கி நடந்துகொண்டிருந்ததை அவர் பார்த்திருந்தார்.

"எங்க போறீங்க அக்கா?" என்றார் வேன்காரம்மா.

"அதுங்க வெளிய வரக் கூடாதுன்னுதான் சொன்னேன். நான் உள்ள போகக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. பாரு, எப்படிக் கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கா."

"நின்னா கட்டிப்பிடிக்கும் அக்கா. போனதும் இதுல உக்காந்துடுங்க" என்று முக்காலியை நீட்டினார் செட்காரர். அக்கா அதை வாங்கிக்கொண்டு முதல் கதவைத் திறந்தார், உள்ளே நுழைந்தார், அப்படியே இரண்டாவது கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தார்.

"அக்கா! மொத கதவு, மொத கதவு!" என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"மூடறேன், மூடறேன்" என்றார் டெய்லரக்கா. "நான் என்ன தப்பிச்சா ஓடப்போறேன்?"